மூன்று முறை எண்ணப்பட்ட கிணறு

நைனார்பாளையம்
10 பிப்ரவரி 2025

திருமதி செந்தமிழ்ச்செல்வி அவர்களுக்கு,

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். ஒரே வகுப்பில் படித்து, கல்வராயன் மலையில் ஒரே ஓடையில் தண்ணீர் அளந்த இருவர், தலை நரைக்கும் வரை ஒருவருக்கொருவர் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டோம். இனியும் அப்படியே இருந்திருப்பேன். உங்கள் அறிக்கை விடவில்லை.

நாங்கள் கிழங்கு போடும் ஜவ்வரிசி ஆலையின் வாசலில் அதன் தமிழ்ச் சுருக்கத்தை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கிலோ மரவள்ளிக் கிழங்கு விளைவதற்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கு. மழை நீருக்குப் பச்சை, கிணற்று நீருக்கு நீலம், ஆலைக் கழிவைக் கரைக்கத் தேவைப்படும் நீருக்குச் சாம்பல் என்று நிறம் பூசியிருக்கிறீர்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கிழங்கைவிட எங்கள் வட்டாரக் கிழங்கு மூன்று மடங்கு நீலம் குடிக்கிறதாம். கீழே, ஆய்வுத் தலைவர் என்று உங்கள் பெயர்.

ஆலை மேலாளர் வெற்றிவேல் நல்ல மனிதர். அவரே தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "இந்தக் கணக்கு இப்படியே நின்னுதுன்னா அடுத்த சீசன்ல உங்க பக்கத்துக் கெழங்க உள்ள வுட வேணாம்னு ஸ்டார்ச் வாங்கற கம்பெனி சொல்லிடுச்சி சார். எங்க கையில இன்னா இருக்குது?"

இங்கே பலருக்கு மரவள்ளியை விட்டால் வேறு பயிர் இல்லை. எனக்கும்தான்.

அந்தக் காலத்தில் ஒரு கணக்கிலிருந்து என் பெயரை விட்டீர்கள். இந்தக் காலத்தில் ஒரு கணக்கில் என் ஊரின் பெயரைச் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. ஆட்சேபணைகளை எழுத்து மூலம் தபாலில் அனுப்ப வேண்டும் என்று அறிக்கையின் கடைசியில் போட்டிருப்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஆ. சிவசங்கர், பி.இ. (வேளாண் பொறியியல்)
விவசாயி


புனே
21 பிப்ரவரி 2025

சங்கர்,

திருமதி, அவர்கள், நீங்கள். கடைசியில் பட்டம் வேறு. உறையைப் பிரித்ததும் ஏதோ வழக்கறிஞர் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் கையெழுத்து தெரிந்தது. இன்னும் 'ழ'வுக்கு அந்தப் பெரிய வால் போடுகிறாய்.

முதலில் வேலை. ஆட்சேபணையைப் பதிவு செய்துவிட்டேன். ஏப்ரல் முடிய அவகாசம் இருக்கிறது. ஆனால் நீ கோபமாக இருக்கிறாய் என்பதற்காக எண்ணை மாற்ற முடியாது. பிரவீன்குமார் என்ற எங்கள் ஆள் வயல் வயலாகப் போய், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, என்ன குதிரைத்திறன், நிலம் எவ்வளவு, மகசூல் எவ்வளவு என்று கேட்டுப் பதிவு செய்திருக்கிறான். அதை நான் இங்கே இரண்டு விதமாகச் சரிபார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. பிழை இருக்கிறது என்றால் எங்கே என்று காட்டு.

இனி வேலை இல்லாதது. கரியாலூரில் நாம் தங்கியிருந்த அந்த ஓட்டுக் கட்டிடம் ஞாபகம் இருக்கிறதா? கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பேருந்தில் நீ அந்தத் தகரத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். நடுவில் 'வி' மாதிரி வெட்டிய தகடு. நடத்துனர் அதற்கும் லக்கேஜ் சீட்டு கிழிக்கப் பார்த்தார். "தண்ணி அளக்கறதுக்கு" என்று நீ சொன்னதும் பேருந்தே சிரித்தது. "ஊத்திக் குடுத்தா நாங்களே அளப்போமே" என்றார் பின்சீட்டுக்காரர் ஒருவர். உனக்கு முகம் சிவந்துபோனது. எனக்கு அந்தப் பயணம் முழுவதும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தத் தகடு எங்கே?

ஒன்று மட்டும். பெயரை நான் விட்டேன் என்கிறாய். "என் பேரைப் போடாதே" என்று சொன்னது யார்?

செல்வி


நைனார்பாளையம்
3 மார்ச் 2025

செல்வி,

'நீங்கள்' என்று எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை. சரி, போகட்டும்.

சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்பதை நீ எழுதவில்லையே. ஓடையில் ஒவ்வொரு நாளும் உச்சி வேளைக்குத் தண்ணீர் குறைந்தது. காலையில் தகட்டின் வெட்டில் முழங்கை போல வளைந்து விழுந்த தண்ணீர், மதியம் விரல் போல ஒழுகியது. மேலே யாரோ தங்கள் வயலுக்குத் திருப்புகிறார்கள், அது ஓடையின் இயல்பான ஓட்டம் கிடையாது, மதிய அளவைத் தனியாக வைக்க வேண்டும் என்றேன். நீயும் பேராசிரியரும் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டீர்கள். அவர் அறையில் எல்லார் முன்னாலும் "இந்தச் சராசரிக்கு என் பேரைப் போடாதே" என்றேன். கோபத்தில் ஒருவன் சொன்னால், "சரி, உட்கார்ந்து பேசலாம் வா" என்று சொல்வது வழக்கம். நீ ஆய்வுக் கட்டுரையில் என் பேரைப் போடாமலே விட்டுவிட்டாய். சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிவதும் ஒரு வகை அவமதிப்புதான்.

அந்தக் கட்டுரையை வைத்து நீ மேலே படிக்கப் போனாய். எனக்கு அப்பா தவறிவிட்டார் என்று தந்தி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. மனதுக்குள் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே இருந்துவிட்டன.

தகடு என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கொண்டுதான் தவிட்டு டின்னை மூடி வைத்திருக்கிறேன். பசுவுக்குத் தவிடு அள்ளும்போதெல்லாம் அந்த 'வி' வழியாகத்தான் உள்ளே பார்ப்பேன்.

கரியாலூரில் உனக்குக் காய்ச்சல் வந்த நாளில், தேநீர்க் கடை அம்மா சாமைக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். கஞ்சிக்குக் காரமாக எதுவும் வேண்டாம் என்று நீயே சொல்லிவிட்டு, பிறகு என் தட்டில் இருந்த ஊறுகாயை முழுவதும் தின்றுவிட்டாய். அன்று மதிய அளவை நான் தனியாக எடுத்தேன். மூடுபனியில் குடையைப் பிடித்துக்கொண்டு, ஸ்டாப் வாட்சைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. அந்த அளவும் உன் சராசரிக்குள் போய்விட்டது.

உன் அறிக்கையில் பிழை எங்கே என்று கேட்கிறாய். உழுகிறவனிடம் வந்து ஒரு பொழுதாவது நின்று பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். புனேயில் உட்கார்ந்து எங்கள் கிணற்றை அளக்கிறாய். அதுதான் பிழை.

சிவசங்கர்


புனே
14 மார்ச் 2025

சங்கர்,

நின்று பார்க்க ஆள் வந்தான். உன்னிடமே வந்தான். நீ அவனுக்குப் பதில் சொல்லியிருக்கிறாய்.

உன் கடிதம் வந்த பிறகு உங்கள் ஊரின் பதில்களைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். அதில் உன் பெயர் இருந்தது. மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும் என்ற கேள்விக்கு, "மும்முனை மின்சாரம் வந்ததிலிருந்து போகும் வரை, தினமும்" என்று சொல்லியிருக்கிறாய். அடுத்து கந்தசாமி என்பவர். அதே பதில். அடுத்து அமிர்தம் என்பவர். அதே பதில். மோட்டாரின் குதிரைத்திறனும் ஒன்றே. கிணற்றின் ஆழமும் ஒன்றே. இவர்கள் யார்? உன் பங்காளிகளா? இது மூன்று கிணறா, ஒரு கிணறா?

ஒரே கிணறு என்றால், மூன்று பேருக்கும் போகும் தண்ணீரை உன் நிலத்துக்கு ஒருமுறை, கந்தசாமிக்கு ஒருமுறை, அமிர்தத்துக்கு ஒருமுறை என்று மூன்று முறை எண்ணியிருக்கிறோம். மற்றவர்களும் இப்படித்தான் சொன்னார்களா? எலவனாசூர்கோட்டைப் பக்கம் நாங்கள் பார்த்தவை எல்லாம் தனிக் கிணறுகள். அங்கே இந்தக் குழப்பமே வர வழியில்லை.

கேள்வியை அப்படி எழுதியவள் நான். "கிணறு யார் யாருக்குப் பொது?" என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். ஆனால் நீ பொறியியல் படித்தவன். "என் முறை மூன்று நாளைக்கு ஒருமுறைதான்" என்று உனக்குச் சொல்லத் தோன்றவில்லையா?

கந்தசாமியிடம் கேட்டுப் பார். கேட்காமல் எனக்கு எழுதாதே. அந்த ஓடையிலும் நாம் இதைத்தான் செய்தோம். மேலே ஒரு பர்லாங் ஏறிப் போய், யார் தண்ணீரைத் திருப்புகிறார்கள் என்று பார்த்திருக்கலாம். சண்டை போட நேரம் இருந்தது, ஏறிப் பார்க்க இல்லை. இன்றுவரை நீ சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

செல்வி

பி.கு: அந்த ஊறுகாய் எலுமிச்சை. உன் தட்டில் இருந்தது பாதிதான். முழுவதும் என்பது உன் வழக்கமான மிகைப்படுத்தல்.


நைனார்பாளையம்
29 மார்ச் 2025

செல்வி,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தேன்.

கந்தசாமி என் பெரியப்பா மகன். அமிர்தம், இறந்துபோன இன்னொரு அண்ணனின் மனைவி. மூன்று குடும்பத்துக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் அவர்கள், ஒரு நாள் இவர்கள், ஒரு நாள் நான் என்று முறை. கந்தசாமியோடு நான் பேசிப் பல வருடம் ஆகிறது. என்னையோ அண்ணியையோ ஒரு வார்த்தை கேட்காமல் பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பெரிய மோட்டார் இறக்கினார். ஊற்றுக்கு இது தாங்காது என்று நான் சண்டை போட்டேன். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. தண்ணீர் மட்டும் முறை தப்பாமல் மாறும். அவர் தன் மடையை அடைத்து என் மடையை வெட்டிவிட்டுப் போனால், இனி என் முறை என்று அர்த்தம். நானும் அப்படியே அண்ணிக்கு வெட்டிவிடுவேன். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

காலையில் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள்.

"கணக்கெடுக்க வந்த பையன்கிட்ட நீ இன்னாண்ணே சொன்ன?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்தார். "இன்னா அமிர்தம், யாரோ பேசற மாரி சத்தம் கேக்குது?"

"பேசறவங்களுக்குப் பதில் சொல்லுங்க மாமா" என்றார் அண்ணி.

"எந்தப் பையன்? டேப்லெட்டு வச்சிக்கினு வந்தானே, அவனா? மோர் குடுத்தேன், குடிச்சிட்டுப் போனான்."

"மோட்டாரு எவ்ளோ நேரம் ஓடுதுன்னு சொன்ன?"

"கரண்டு வந்ததுல இருந்து போற வரைக்கும்னேன். நீ இன்னா சொன்ன?"

"அதையேதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு என்னக் கேக்கற?"

"நானும் அதையேதான் தம்பி சொன்னேன்" என்றார் அண்ணி. "நம்ம கெணறு ஓடுதுன்னேன்."

"நமக்கு மூணு நாளைக்கு ஒருவாட்டிதான் மொறன்னு சொல்லியிருக்கலாம் இல்ல அண்ணி?"

"அப்பிடிச் சொன்னா, கெணறு பங்கு பிரிஞ்சிடுச்சான்னு கேப்பான். ஏன் பிரிஞ்சீங்கம்பான். வெளி ஆளுகிட்ட அந்தக் கதையெல்லாம் எதுக்கு தம்பி?"

கந்தசாமி அண்ணன் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "கெணறு பாதியிலயே வத்திடுதுன்னு வேற சொல்லியிருக்கணுமா நானு? எம் பொண்ணு தனுஷாவுக்கு மாப்பிள்ள பாத்துக்கினு இருக்கேன். அந்தப் பையன் எந்த ஊரோ, யாருக்குச் சொந்தமோ. நாளைக்கே 'அவங்க வூட்டுக் கெணத்துல தண்ணி இல்லியாம்'னு போய்ச் சேந்துடும். படிச்சவன் நீ, உனக்கு இது தெரியலியா?"

தெரிந்திருக்கிறது. அதனால்தான் நானும் அதையே சொன்னேன். பிரவீன்குமார் கேட்டபோது என் வாயில் 'என் முறை' என்று வரவில்லை. 'நம்ம கிணறு' என்றுதான் வந்தது. ஒருவரோடு ஒருவர் பேசாத மூன்று பேர், வெளி ஆள் வந்து நின்றதும் கிணற்றைப் பிரிக்காமல் காட்டியிருக்கிறோம். அதற்குத்தான் இப்போது மூன்று மடங்கு என்று தண்டனை.

பக்கத்துக் கூட்டுக் கிணற்றுக்காரர்களையும் விசாரித்தேன். எல்லாரும் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். பெருமையாக.

என்ன செய்ய வேண்டும், சொல்.

சங்கர்


புனே
8 ஏப்ரல் 2025

சங்கர்,

மூன்றால் வகுத்துவிட்டால் போதும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "பாதியிலேயே வற்றிவிடுகிறது" என்று உன் அண்ணன் சொன்னதை நீ ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டாய். எனக்கு அதுதான் முக்கியம். மின்சாரம் இருக்கும் நேரம் வேறு, தண்ணீர் வரும் நேரம் வேறு. எந்தக் கேள்வியாலும் இனி இது தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

தவிட்டு டின்னைத் திற. தகட்டைக் கழுவி வாய்க்காலில் நிறுத்து. மூன்று பேரின் முறை நாளிலும், மோட்டார் போட்டதிலிருந்து நிறுத்தும் வரை அளவு எடு. மூன்று பேரும் உடன் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். மற்ற கூட்டுக் கிணறுகளில் பிரவீன்குமார் வந்து அளப்பான். அவனுக்கு நீ சொல்லிக் கொடு. நான் சொல்லிக் கொடுத்தால் சராசரி மட்டும்தான் சொல்லிக் கொடுப்பேன் என்று நீ சொல்வாய்.

அளவுத் தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேலே 'களத்தில் அளந்தவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. திருத்திய அறிக்கையின் முகப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்தான் அச்சாகும். அதை நிரப்பி அனுப்பு.

ஏப்ரல் முடிவதற்குள் என் மேசைக்கு வர வேண்டும், சங்கர். அதற்கு மேல் என்னால் நிறுத்தி வைக்க முடியாது.

செல்வி


நைனார்பாளையம்
23 ஏப்ரல் 2025

செல்வி,

அளவுத் தாள்கள் இந்த உறையில் இருக்கின்றன. கந்தசாமி அண்ணன் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அண்ணி கைநாட்டு வேண்டாம் என்று சொல்லி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் பங்குதாரர் என்ற இடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

தகட்டின் ஓரம் துருப்பிடித்திருந்தது. வெட்டு மட்டும் கூராகவே இருக்கிறது. வாய்க்காலில் அதை நிறுத்திக் களிமண் அணைத்தபோது என் கை, எவ்வளவு ஆழம் வைக்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. அண்ணன் வரப்பில் குந்திக்கொண்டு, "தகட்டுல ஓட்டையப் போட்டு வச்சிக்கினு தண்ணிய அளக்கறானாம், இதுக்கு ஒரு படிப்பு" என்றார். பேருந்தில் எல்லாரும் சிரித்தது ஞாபகம் வந்தது. இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது.

முதல் நாள் மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீர் வெட்டு நிறைய விழுந்தது. பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. மின்சாரம் போவதற்கு வெகு நேரம் முன்னாலேயே சத்தம் மாறியது. அண்ணி எழுந்து போய் நிறுத்தினார். "தினமும் இப்பிடித்தான் தம்பி. சத்தம் மாறினா நிறுத்திடுவேன். காத்த இழுத்தா மோட்டாரு காயிலு எரிஞ்சி போயிடும்." மூன்று நாளும் அதே கதைதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றால் வகுத்து வருவதைவிடவும் குறைவாக வருகிறது. எங்கள் கிழங்கு எலவனாசூர்கோட்டைக் கிழங்கைவிடக் குறைவாகத்தான் நீலம் குடிக்கிறது.

உன் அறிக்கைக்கு இது நல்ல செய்தி. ஆலை எங்கள் கிழங்கை வாங்கும். ஆனால் நாங்கள் சிக்கனமாக இருந்து குறைத்த அளவு இல்லை இது. கிணற்றில் அவ்வளவுதான் இருக்கிறது. இதை உன் அறிக்கையில் ஒரு வரியாவது எழுது. அதற்கு எந்த நிறம் கொடுப்பாய் என்று தெரியவில்லை.

பெரிய மோட்டார்தான் ஊற்று ஊறுவதற்குள் உறிஞ்சிவிடுகிறது என்பது அளவைப் பார்த்ததும் அண்ணனுக்குப் புரிந்தது. அவராகவே, "சின்ன மோட்டாரையே திருப்பி இறக்கலாமா?" என்று கேட்டார். நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியும் விட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சொல்லாம வுட்டிருந்தாத்தான் அதிசயம்" என்றார். மறுநாள் என் முறைக்கு மடையை வெட்டிவிட்டு, "சங்கரு, தண்ணி வருதுடா" என்று வாயாலும் சொன்னார்.

இன்னொன்று. போன ஞாயிறு வெள்ளிமலை பேருந்தில் ஏறிக் கரியாலூரில் இறங்கினேன். நாம் தகடு வைத்த இடத்தைக் கண்டுபிடித்தேன். இப்போது அங்கே சிறு பாலம் இருக்கிறது. கீழே பாசி மட்டும்தான். நாம் ஏறாத அந்த ஒரு பர்லாங்கை ஏறிப் பார்த்தேன். மேலே வயல் ஒன்று இருக்கிறது. அதில் இப்போது மரவள்ளிதான். ஓடையிலிருந்து ரப்பர் குழாய் போகிறது. அந்தக் காலத்தில் உச்சி வேளைக்குத் தண்ணீரைத் திருப்பினார்களா என்று அங்கிருந்தவர்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் பிறகு வந்தவர்கள். ஆக, உன் சராசரி சரியா, என் வாதம் சரியா என்று தெரிந்துகொள்ள இனி வழி இல்லை. இத்தனை வருடம் நான் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான். அது கையில் இல்லாமல் இறங்கி வருவது விசித்திரமாக இருந்தது. தேநீர்க் கடை இருந்த இடத்தில் செல்போன் கோபுரம் நிற்கிறது. உன் காய்ச்சலும் அந்தக் கஞ்சியும் எங்கே நடந்தன என்று என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. எலுமிச்சைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுவதும் நீதான் தின்றாய்.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கொஞ்சம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

'களத்தில் அளந்தவர்' என்ற இடத்தை நிரப்பவில்லை. அன்று என் பேரைப் போடாதே என்றேன். நீ போடவில்லை. இன்று போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன். இந்த முறை நீயே முடிவு செய். யார் அளந்தது என்று உனக்குத் தெரியும்.

கையெழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்றும் உனக்குத் தெரியும். கடிதத்தின் அடியிலும் பெயர் எழுதாமல்தான் இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.